எந்த டப்பா மலையேறும்?

சங்ககிரி லாரிப் பட்டறையில் தலைமை மெக்கானிக் வையாபுரிக்கு வயிறு பற்றி எரிந்தது. லாரிக்கு அடியில் சுழலும் ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் அடிக்க, டிரைவர்கள் எல்லோரும் புதிதாக வந்த பூவாத்தாளையே தேடினார்கள். டீகூட முதலில் அவளுக்குத்தான் போனது.

ஒருநாள் முதலாளி முன்னிலையில், பெயர் சுரண்டிய இரண்டு கிரீஸ் டப்பாக்களை வையாபுரி அவள் முன் வைத்தார்.

"ஒண்ணு சூடு தாங்கும், இன்னொண்ணு உருகி ஓடிடும். திறக்காமச் சொல்லு. தப்பாச் சொன்னா வேலையை விட்டுப் போயிடணும்."

பூவாத்தாள் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வையாபுரியின் வேனை நோக்கி நடந்தாள்.

"எங்க போறே?"

"நாளைக்குக் குடும்பத்தோட கொல்லிமலை போறீங்களேங்கண்ணா. உங்க வேனுக்கே அடிச்சுப் பார்த்துடலாங்க."

"ஐயோ, அது வேண்டாம்! இன்னொண்ணை எடு!"

"அந்த இன்னொண்ணுதானுங்க முதலாளி, சூடு தாங்கறது."

முதலாளி சிரித்தார். "வையாபுரி, உன் வயித்துச் சூட்டைத் தாங்கற கிரீஸ்தான் இன்னும் எந்தக் கடைக்கும் வரலையப்பா."