ராஜா கறந்த பால்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மகா சந்தேகக்காரன். காலையில் ஒருத்தனுக்குப் பொன்மாலை போடுவான், சாயங்காலம் அதே ஆளைச் சிறையில் போடுவான். சாப்பாட்டில் யாரோ நஞ்சு வைக்கப் போகிறார்கள் என்ற பயம் அவனை விட்டதே இல்லை. அவன் வாயில் வைப்பது எதுவானாலும் முதலில் வேறொருத்தன் தின்று காட்டவேண்டும். அந்த வேலைக்கென்று கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன் ஆழியான்.

ராஜா சாப்பிடுவதையெல்லாம் சாப்பிடுகிற உத்தியோகம் என்று ஊரில் பொறாமைப்பட்டார்கள். அரண்மனையிலோ அவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. இன்றைக்கோ நாளைக்கோ நுரை தள்ளி விழப்போகிறவனோடு யார் சிநேகம் வைப்பார்கள்? மடைப்பள்ளி மூலையில் அவனுக்கு ஒரு பலகை, ஓர் இலை. ஒரு கவளம் உள்ளே போனதும் எல்லாரும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். ஒன்றும் ஆகவில்லையா, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ராஜாவிடம் போய்விடுவார்கள். ஆறு வருஷம் இப்படியே போனது.

தன் வயிற்றைப் பற்றி ஆழியானுக்கு ஒரு விஷயம் தெரியும். பால்பாயசம், திரட்டுப்பால் என்று வந்த நாட்களில் வயிறு உப்பிக்கொண்டு இரையும். ஒரு கரண்டியோடு நிறுத்தினால் சமாளித்துவிடலாம். நன்றாகப் புளித்த மோர் ஒன்றும் செய்யாது, நெய்யும் ஒன்றும் செய்யாது. இதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதோடு, சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

அந்த வருஷம் வைத்தியர், ராஜாவைத் தினமும் ஒரு செம்பு பால் குடிக்கச் சொன்னார். பால் ஊற்றுகிற உரிமை சடையன் கோனாரிடம் இருந்தது. மடைப்பள்ளித் தலைவர் திருமேனியாருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனனும் மாடு வைத்திருந்தானே!

"கரண்டிப் பாலில் நஞ்சு தெரியாது மகாராஜா. ஆழியானும் ஒரு செம்பு முழுசாகக் குடிக்கட்டும்" என்றார் திருமேனியார்.

குடித்தான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கொல்லைக்கு மூன்று தரம் ஓடினான்.

"நஞ்சு!" என்று அலறினான் ராஜா.

திருமேனியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. மடைப்பள்ளிக்குள் ஓடிப்போய், கசங்கிய ஒரு பச்சிலையோடு திரும்பினார். "கோனாரின் பால்குடத்து அடியில் இது கிடந்தது, மகாராஜா!"

"நாளைப் பொழுது சாய்வதற்குள் அவனை யானைக்காலில் போடுங்கள்!"

கோனாரை இழுத்துப் போனார்கள். போகிற போக்கில் அவர் ஆழியானைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நான் ஒன்றும் செய்யலைப்பா. உனக்கு இப்போ வலி எப்படி இருக்கு?"

ஆறு வருஷத்தில் அவனிடம் அப்படிக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான். ஆழியான் சுவரில் சாய்ந்து அழுதான். 'பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கோனாருக்காகப் பொய் சொல்கிறான் என்று திருமேனியார் ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

மறுநாள் காலையில் சபைக்குப் போனான்.

"மகாராஜா, நஞ்சு வைத்தவன் யார் என்று காட்டுகிறேன். ஆனால் தாங்களே ஒரு மாட்டைக் கறக்கவேண்டும்."

சபை சிரித்தது. ராஜாவுக்கோ விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. அரண்மனைப் பசுவைக் கொண்டுவந்தார்கள். பசு வாலை வீசியதில் கிரீடம் சாணத்தில் போய் விழுந்தது. வியர்க்க வியர்க்க ஒரு குடம் கறந்தான் ராஜா. சபை நடுவிலேயே காய்ச்சி மூன்று செம்புகளில் ஊற்றினார்கள். ராஜாவுக்கு ஒன்று, திருமேனியாருக்கு ஒன்று, ஆழியானுக்கு ஒன்று.

ராஜா குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். திருமேனியார் மீசையைத் துடைத்துக்கொண்டார். நாலு நாழிகை எல்லாரும் காத்திருந்தார்கள். ஆழியானின் வயிறு இடி இடிப்பதுபோல் இரைந்தது. வெளியே ஓடியவன், வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"மகாராஜா, எனக்கு நஞ்சு வைத்தது யார்? கறந்தது தங்கள் கை."

ராஜா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"பாலில் குற்றமில்லை. என் வயிறு அதை ஏற்காது, அவ்வளவுதான். புளித்த மோர் கொடுத்துப் பாருங்கள், கல் மாதிரி நிற்பேன்."

"அப்படியும் ஒரு வயிறு உண்டா?" என்றான் ராஜா.

வாசலில் நின்ற காவலன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்கும் அப்படித்தான் மகாராஜா. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." பின்வரிசையில் கணக்கர் கையைத் தூக்கினார். பிறகு சேனாதிபதியே தூக்கினார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் தனித்தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்!

ராஜா திரும்பினான். "திருமேனியாரே, அந்த இலை? எங்கே, அதை மென்று காட்டும்."

திருமேனியார் காலில் விழுந்தார். "வெறும் முருங்கை இலை, மகாராஜா. நான்தான் போட்டேன்!"

"நல்லது. இனிமேல் என் சாப்பாட்டை நீர் ருசி பாரும்."

கோனாரைச் சபைக்குக் கொண்டுவந்து கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ராஜா ஆழியானிடம் கேட்டான், "உனக்கு என்ன வேண்டும்?"

"யாரோடாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் மகாராஜா."

ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். "பொன் கேள், நிலம் கேள். இது எனக்கே கிடைத்ததில்லையே!"

கோனார் ஆழியானின் தோளைத் தொட்டார். "எங்க வீட்டுக்கு வா தம்பி. கம்பங்கூழ் இருக்கு."

இருவரும் வாசலைத் தாண்டும்போது ராஜா கூப்பிட்டான்.

"ஆழியான்! நாளை மத்தியானம் இங்கே வருவாயா? ருசி பார்க்க இல்லை. சும்மா."

ஆழியான் நின்றான். அத்தனை பெரிய மண்டபத்தில் ராஜா ரொம்பச் சின்னதாகத் தெரிந்தான்.

"வருகிறேன் மகாராஜா. மோர் மட்டும் கொஞ்சம் புளிக்க வையுங்கள்."

மறுநாள் ராஜாவின் கூடத்தில் இரண்டு இலை போட்டார்களாம். முதல் நாள் இரண்டு பேருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லையாம்.