காணாமல் போன சோடியம்

“சோடியம் எங்கே போச்சு, மேடம்?”

கேட்டவர் சவரிமுத்து. மலையடிவார முகாமில் செம்பு தேடும் புவியியலாளர். தலை நரைத்த சிஷ்யர். குரு தில்லைநாயகிக்கு அவரைவிட வயது குறைவு. பாறையின் வேதியியல் கணக்கு அந்த அம்மாவுக்குத்தான் அத்துப்படி. கற்றுக்கொள்ள வந்துவிட்டு வயசு பார்த்தால் ஆகுமா?

“நீங்களே சொல்லுங்க சார்.”

“பூமிக்குள்ள ஓடின வெந்நீர் கரைச்சு எடுத்துட்டுப் போயிருக்கு. அந்த வெந்நீர் வந்த வழியிலதான் செம்பும் இருக்கும். வடக்கு மேட்டுப் பாறையில சோடியம் பாதியாக் குறைஞ்சிருக்கு. துளை அங்கேதான் போடணும்.”

“அப்புறம் ஏன் இவ்வளவு பதட்டம்?”

பதறாமல் என்ன செய்வார்? கம்பெனி இன்னும் ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. அதிலும் செம்பு இல்லையென்றால் முகாமுக்குப் பூட்டு. சமையல்காரர் முதல் காவலாளி வரை மூட்டை கட்ட வேண்டியதுதான். துளை போடும் ரிக் வண்டி வேறு வடக்கு மேட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் பின்னால் போவதாக ஏற்பாடு.

“அலுமினியம்?”

“அதுவும் பாதி.”

“டைட்டானியம்?”

“அதுவும் பாதிதான். வெந்நீர் எல்லாத்தையும் அரிச்சிருச்சு மேடம்!”

“டைட்டானியத்தை வெந்நீர் கொண்டுபோகுமா?”

“சேச்சே! அது லேசுல இடத்தை விட்டு நகராதே.”

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழவில்லை. பயம் வந்தால் அப்படித்தான்.

“எனக்கு மண்டையே ஓடல. வண்டி பாதி வழி போயிருக்கும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

தில்லைநாயகி எழுந்தார்.

“வாங்க, சாப்பிடலாம்.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

வண்டி போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் சாப்பாடாம்! எரிச்சலோடுதான் பின்னால் போனார்.

மெஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரே இரைச்சல். பாதிப் பேச்சு இந்தியில்.

வாசலிலேயே நின்றுகொண்டு தில்லைநாயகி கேட்டார்.

“போன வாரம் இங்கே சாப்பிட்டது முழுக்க நம்மூர்க்காரங்க. இப்போ பாருங்க, கூட்டத்துல பாதிதான் நம்ம ஆளுங்க. மீதிப் பேர் எங்கே ஓடிட்டாங்க?”

“யாரும் ஓடலையே மேடம். எல்லாரும் இதோ இங்கேதான் இருக்காங்க. ரிக்கோட ஜார்க்கண்ட் ஆளுங்க வந்திருக்காங்கல்ல, அதனால...”

கூட்டத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“சிலிக்கா,” என்றார் சவரிமுத்து.

தில்லைநாயகி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

“வடக்கு மேட்டுல சிலிக்கா ஏகத்துக்கும் ஏறியிருந்துச்சே! பார்த்தேனே! புதுசா அது வந்து சேர்ந்ததாலதான் மத்ததெல்லாம் பாதியாத் தெரியுது! நூத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் பார்த்துட்டு, அங்கேயே இருக்கிறவனைப் போயிட்டான்னு சொல்லிட்டேனே, அட கடவுளே!”

போனை எடுத்தார். ரிக் வண்டி டிரைவரைக் கூப்பிட்டார்.

“வண்டியை நிறுத்துப்பா!”

“நிறுத்திட்டேன் சார். வடக்கு மேடு இல்லேன்னா, வேற எங்கே போகணும்?”

சவரிமுத்து குருவைப் பார்த்தார். அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தெரியாதுப்பா. டைட்டானியம் அப்படியே இருந்து, சோடியம் மட்டும் நிஜமாவே போன இடம் ஒண்ணு இருக்கான்னு இனிமேதான் பார்க்கணும். இன்ஜினை அணைச்சுட்டு அங்கேயே இரு.”