விராலுக்கு ஓர் அரசாணை

செங்கரை நாட்டு ராஜா வீரபூபதிக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, ஆற்று மடுவில் தூண்டில் போட்டு உட்காருவது. இன்னொன்று, அதில் விழுந்த விராலைக் குழம்பாக்கிச் சாப்பிடுவது. அந்த வருஷம் இரண்டிலும் மண் விழுந்தது. விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை உட்கார்ந்தாலும் தக்கை அசையவே இல்லை.

"மடுவில் விரால் எல்லாம் எங்கே போயிற்று?" என்று சபையில் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், சபையிலிருந்த தூண்டில்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சிக்குத் தளவாய் ரணதீரர் தலைவர். இன்னொன்றுக்கு அரண்மனை வைத்தியர் மாசிலாமணி.

"குஞ்சு காக்கும் தாய் விராலையே பிடித்துத் தின்கிறார் தளவாய். பிறகு மடுவில் என்ன இருக்கும், அரசே?" என்றார் வைத்தியர்.

"ஏன், நீர் பிடிப்பதில்லையா?"

"பிடிப்பேன். உடனே ஆற்றிலேயே விட்டுவிடுவேன்."

"அடடா, என்ன கருணை! நான் குத்தினால் தின்றுவிடுகிறேன். நீர் வாயைக் குத்திக் கிழித்துவிட்டு நலம் விசாரித்து அனுப்புகிறீர்!"

சபை சிரித்தது. வைத்தியர் முகம் சிவந்தது. ராஜாவுக்குத் தலை வலித்தது. அரசாணைகளை எழுதும் தாண்டவனைத் திரும்பிப் பார்த்தார். "தாண்டவா, இதற்கு ஓர் ஆணை எழுது."

தாண்டவன் வாய்த்துடுக்குக்காரன். அவன் பேச்சில் பலமுறை சூடுபட்ட தளவாய்க்கு இதுதான் சமயம் என்று தோன்றியது.

"எழுதட்டும் அரசே. ஆனால் தடை என்ற பேச்சே கூடாது. யாரும் எப்போதும் தூண்டில் போடலாம். மீனும் பெருக வேண்டும். உங்கள் கெட்டிக்காரர் எழுதுவாரா?"

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நல்ல யோசனை! மூன்று நாள் தருகிறேன், தாண்டவா. முடியவில்லை என்றால் எழுத்தாணியை வைத்துவிட்டு வேறு ஊர் பார்த்துக்கொள்."

தாண்டவன் பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொட்டவன் இல்லை. மடுக்கரைக்குப் போய் உட்கார்ந்தான். தண்ணீர் மேல் செந்நிறப் பந்து ஒன்று மிதந்தது. உற்றுப் பார்த்தான். ஆயிரம் விரால் குஞ்சுகள்! அடியில் தாயின் கருத்த தலை. தண்ணீர்ப் பாம்பு ஒன்று நெளிந்து வந்தது. தாய் பாய்ந்து விரட்டியது. மீன்கொத்தி இறங்கியது. தாய் துள்ளி எழுந்தது. கரையோர மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. அதையும் விடவில்லை!

தளவாய் தூண்டிலில் கோத்து வீசும் தவளையை அது ஏன் முதல் வீச்சிலேயே கவ்வுகிறது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பசியால் கவ்வவில்லை. பிள்ளைகளுக்காகக் கவ்வுகிறது. தாண்டவன் அந்தத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு யோசனை தோன்றி, சிரிப்பும் வந்தது.

மூன்றாம் நாள் சபையில் ஓலையை வாசித்தான்: "யாரும் எப்போதும் விரால் பிடிக்கலாம். பிடித்த விராலுக்குக் குஞ்சுகள் இருந்தால், அது திரும்பி வரும்வரை, வராவிட்டால் குஞ்சுகள் வளரும்வரை, அது பார்த்த வேலையைப் பிடித்தவரே பார்க்க வேண்டும்."

"மீனுக்கு என்ன வேலை? நீந்துவதா? நன்றாக நீந்துவேன்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் தளவாய். ராஜா முத்திரை வைத்தார்.

மறுநாள் காலையிலேயே தளவாய் குஞ்சு காத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய விராலைப் பிடித்தார். மதியம் இலையில் கைவைத்துக் கடைசிக் கவளத்தை முடித்தபோது வாசலில் தாண்டவன், இரண்டு காவலர்களுடன்.

"குழம்பு எப்படி, தளவாய்?"

"அமிர்தம்!"

"சந்தோஷம். வேலைக்குப் புறப்படுங்கள்."

அரை நாழிகையில் செங்கரைச் சேனையின் தளவாய் மார்பளவுத் தண்ணீரில் நின்றார். எதிரே செந்நிறப் பந்து. நீர்க்காகம் வந்தால் கைதட்ட வேண்டும். பாம்பு வந்தால் தண்ணீரை அடிக்க வேண்டும். கரையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார் வைத்தியர். சிரித்துக்கொண்டே தூண்டில் வீசினார். ஒரு தாய் மாட்டியது. வழக்கம்போல் விட்டுவிட்டார். மிரண்ட மீன் நாணலுக்குள் ஒளிந்துகொண்டது.

"அது திரும்பி வரும்வரை நீங்களும் இறங்குங்கள், வைத்தியரே" என்றான் தாண்டவன். மாலையில் அந்த மீன் திரும்பி வரும்வரை இரண்டு கட்சித் தலைவர்களும் மடுவின் இரு பக்கமும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தளவாய் தண்ணீரில் இறங்கிய நான்காம் நாள் ராஜாவே வந்தார். "அரசே, இது தடைதான்! வேறு பெயரில் வந்திருக்கிறது!" என்று தண்ணீரிலிருந்தே கத்தினார் தளவாய்.

"தடை எங்கே, அரசே? அவருடைய தூண்டில் அதோ கரையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போடலாம். கைதான் ஒழியவில்லை" என்றான் தாண்டவன்.

"இன்னும் எத்தனை நாள் ஐயா?" என்றார் தளவாய்.

"ஒரு மாதம்தான். பெண் குஞ்சுகளுக்குக் கல்யாணம்வரை என்று எழுத நினைத்தேன். ஓலையில் இடமில்லை."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கையோடு கொண்டுவந்திருந்த தன் தூண்டிலை மெல்லச் சுருட்டி அமைச்சரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு, குஞ்சு காக்கும் மாதத்தில் மடுப்பக்கம் தூண்டிலோடு ஒருவரும் வரவில்லை. இருபது நாள் கழித்து, தளவாய்மேல் இரக்கப்பட்டு ராஜா மறுபடி வந்தார். தண்ணீரில் திரும்பிய பக்கமெல்லாம் குஞ்சுகள் மொய்த்தன. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார்.

"தளவாய்! மன்னித்துவிட்டேன். கரையேறும்!"

தளவாய் திரும்பவில்லை. உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாகப் பேசுங்கள், அரசே, பயந்துவிடும். இன்னும் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன். அந்தக் கடைக்குட்டி சரியாகவே சாப்பிட மாட்டேன் என்கிறது!"