தோள் கொடுத்தவர் யார்?

செம்பியூர் அரண்மனையில் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவன் வீரபெருமாள். அவன் தோளில் பல்லக்கு ஏறிப் பல வருஷம் ஆகிறது. பட்டுத் துண்டுதான் ஏறும்.

மலைப்பாதையில் ஆறு பேர் போதாது, எட்டுப் பேர் வேண்டும் என்பதுதான் சங்கத்தின் ஒரே கோரிக்கை. அதற்காக முதலில் தளவாயோடு சேர்ந்தார்கள். அவர் கைவிரித்ததும் பிரதானியோடு. அவரும் தட்டிக்கழித்ததும் ராஜாவின் மைத்துனரோடு. ஒவ்வொரு தடவையும் வீரபெருமாளின் துண்டு நிறம் மாறியது. ஆள் மட்டும் அதே ஆறு. போன மாதம் கொளஞ்சி என்பவன் சரிவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

இந்த லட்சணத்தில், சங்கத்தின் சரித்திரத்தைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று வீரபெருமாள் சபைக்கு வந்து நின்றான்.

"வெட்டலாம். சங்கத்துக்குத் தோள் கொடுத்தவர் பெயர் முதலில் வரட்டும். யார் அவர்?" என்றார் ராஜா.

"நான்!" என்றார் தளவாய். "நானல்லவா!" என்றார் பிரதானி. மைத்துனர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவைப் புலவர் மறைக்காடர் முன்னே வந்தார். காலையில்தான் கொளஞ்சி கட்டுப்போட்ட காலோடு வாசலில் கிடந்ததைப் பார்த்திருந்தார்.

"தோள் கொடுத்தவர்கள் தோளைக் காட்டட்டும், மகாராஜா."

காட்டினார்கள். புலவர் குனிந்து மோந்தார்.

"சந்தனம் கமகமக்கிறது. காய்ப்பைத்தான் காணோம்."

"அது பேச்சுக்குச் சொல்வது ஐயா!" என்று சீறினார் தளவாய்.

"அப்படியா! பேச்சுக்குக் கொடுத்த தோளுக்குக் கல் எதற்கு?"

"நிஜமாகவேதான் கொடுத்தோம்!" என்றார் மைத்துனர் அவசரமாக.

"அப்படிச் சொல்லுங்கள். மலைக்கோயிலில் கொளஞ்சிக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. அவனைப் பல்லக்கில் தூக்கிப் போங்கள். நீங்கள் மூவர், தலைவர் நாலு. பழகின ஆள் இரண்டு பேர் தருகிறேன். ஆறு பேர் தாராளம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?"

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு உத்தரவிட்டார்.

மறுநாள் காலை பல்லக்கில் கொளஞ்சி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். ராஜா குதிரையில் பின்தொடர்ந்தார். முதல் திருப்பத்திலேயே பிரதானிக்கு நாக்கு தள்ளியது. மைத்துனர் முருகா முருகா என்றார். இரண்டாம் திருப்பத்தில் தளவாய் அலறினார்:

"மகாராஜா! ஆறு பேரால் ஆகாது! இன்னும் ரெண்டு ஆள் போடுங்கள்!"

ராஜா குதிரைமேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்று முதல் மலைக்கு எட்டுப் பேர்!" என்று அங்கேயே ஆணையிட்டார். புலவருக்குத் தம் கைக்கடகத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

வீரபெருமாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "புலவரே, அந்தக் கல்லு?"

"வெட்டச் சொல்கிறேனப்பா," என்றார் மறைக்காடர். "மூன்று தடவை கட்சி மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே தடவை தோள் மாற்றினார்கள், நடந்துவிட்டது. அவ்வளவுதானே உங்கள் சரித்திரம்?"