ஒல்லி மீன்கள் போன இடம்

ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த அய்யாக்கண்ணு, ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தியானத்தில் கண்ணை மூடினால் போதும், மனிதர் தூங்கி வழிவார். அவருடைய குறட்டையில் மற்றவர்களின் மௌனமும் கெட்டது.

அன்று காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவிடம் விடைபெற வந்தார். குரு தெய்வயானை அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். கோடையில் ஆறு வற்றும்போது பாறைக் குழிகளில் அகப்பட்டுக்கொள்ளும் மீன்களை அள்ளி, தண்ணீர் இருக்கும் இடத்தில் விடுவது அந்த ஆசிரமத்து வழக்கம். அம்மாள் குனிந்து குடத்தில் மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

"எனக்கு உட்காரவே வரலைம்மா. ஞானமெல்லாம் எனக்குக் கொடுத்து வைக்கலை. ஊருக்குப் போறேன்."

அம்மாள் மறுக்கவில்லை. போகிற வழியில் இந்தக் குடத்து மீன்களை ஆற்றில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லையே என்று அய்யாக்கண்ணுவுக்கு வலித்தது.

நல்லது செய்வதாக நினைத்து, பாறைகளுக்கிடையே இரைந்து ஓடும் தண்ணீரைத் தாண்டிப் போய், ஆழமும் அமைதியுமான மடுவில் குடத்தைக் கவிழ்த்தார். உள்ளங்கை மாதிரி அகலமாக இருந்தவை நிதானமாகத் திரும்பி அங்கேயே தங்கின. விரல் மாதிரி ஒல்லியாக இருந்தவையோ நிலைகொள்ளாமல் அலைந்தன. சற்று நேரத்தில் அவற்றில் ஒன்றையும் காணோம். செத்து அடிக்குப் போய்விட்டன என்றே முடிவு கட்டினார். கிளம்புகிற நேரத்தில் இந்தப் பாவம் வேறா என்று ஓடிவந்து அம்மாளிடம் சொன்னார்.

அம்மாள் அவரை மடுவின் மேல்முனைக்கு, தண்ணீர் வேகமாகப் பாய்ந்து விழும் இடத்துக்கு அழைத்துப் போனார். ஒல்லி மீன்கள் அத்தனையும் அங்கே இருந்தன, ஓட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு. அய்யாக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இப்படி ஓயாம நீந்துதே, களைச்சுப் போகாதா?"

"பக்கத்துல இருக்கிற கூழாங்கல்லைப் பாருங்க."

பார்த்தார். வால் ஆடிக்கொண்டே இருந்தது. மீன் அந்தக் கல்லைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நான் போகணுமாம்மா?"

அம்மாள் காலிக் குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

"தியான மண்டபத்துக்கு இனிமே வராதீங்க. இன்னும் பதினாறு குழி பாக்கி இருக்கு. எல்லாத்தையும் அள்ளி விட்டுட்டு, நடுவுல எத்தனை தடவை தூக்கம் வந்துதுன்னு வந்து சொல்லுங்க."