அறுபது தடவை ருசி பார்த்த உருண்டை

ஊட்டச்சத்துத் துறைத் தலைவர் சந்தானகோபாலனுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனாலும் முகம் வீங்கி ஆஸ்பத்திரிதான். அதனால் துறைக்குள் கடலையே நுழையக் கூடாது என்பது சட்டம். ஆராய்ச்சி மாணவி பேச்சியம்மாள், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான சத்துருண்டையை மூன்று வருஷமாக விடுதிச் சமையலறையில் நின்றுதான் செய்து பார்த்தாள்.

உருண்டை சரியாக வந்ததும் சந்தானகோபாலன் அவள் எழுதிய அறிக்கையை வாங்கினார். அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். மூன்று வருஷ உழைப்புக்குப் பேனாவால் ஒரே கோடு. எதிர்த்துப் பேசினால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், பட்டமும் கிடைக்காது.

"நாளைக்கு நிபுணர் குழு வருது. தட்டை வச்சிட்டு ஓரமா நில்லு. நான் பேசிக்கிறேன்," என்றார்.

மறுநாள் குழுவின் முன் மார்தட்டினார். "அறுபது தடவை நானே செஞ்சு, நானே ருசி பார்த்தேன்."

"இனிப்பு தூக்கலா இருக்குமோ?" என்று கேட்டார் குழுத் தலைவி.

பேச்சியம்மாள் தட்டைச் சந்தானகோபாலனிடம் நீட்டினாள். "சாரே ஒண்ணு சாப்பிட்டுச் சொல்லட்டும் மேடம்."

அவரும் பெருமையாக ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் சார். இதுல பாதி நிலக்கடலை."

உருண்டையை வீசிவிட்டு அவர் துள்ளி எழுந்தார்.

"அறுபது தடவையா?" என்றார் தலைவி.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று சந்தானகோபாலன் பேச்சியம்மாளிடம் சீறினார்.

"முதல் பக்கத்துலயே இருக்கு சார். என் பேரை அடிச்சீங்கல்ல, அதுக்கு அடுத்த வரி."