மேற்குப் பார்த்த பக்கம்

"அந்தச் செடியை ஏன் எனக்குக் குடுக்கலை?"

மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியை உலகநாதன் ஒருவழியாகக் கேட்டேவிட்டார்.

மங்கையர்க்கரசி ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சந்தனமாரி கேட்டா. குடுத்தேன்."

"நான் பதினோரு வருஷமா வர்றேன்மா."

"ஆமா சார்."

"அவ வந்து நாலு மாசம்கூட ஆகலை."

"ஆமா. நீங்க கேக்கலையே."

அடுத்த பொத்தானை எடுத்தார். பதில் முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

*

கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது அந்த வீடு. கீழே தையல் மிஷின். மேலே மொட்டைமாடி முழுக்கக் கள்ளி.

மனசு சரியில்லாதவர்கள் அங்கே வருவார்கள். மங்கையர்க்கரசி யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. திருநீறு பூசியதில்லை. வந்தவர் கையில் ஒரு தொட்டியைக் கொடுத்து, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். முள்செடியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினால் பாதிப் பேருக்கு வந்த கவலை மறந்துபோகும். மீதிப் பேர் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள், உலகநாதனைப் போல.

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரை அம்மா என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு பேர் உண்டு. எல்லைக் கல்லை ஒரு விரற்கடை நகர்த்தித் தரச் சொல்லி எத்தனையோ பேர் அவர் வீட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். வந்த வழியே இறங்கியும் போயிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு கள்ளிக்காக வயிறு எரிந்தது.

*

சாதாரணக் கள்ளி இல்லை. தூண்கள்ளி. ஏழடி உயரம். கிளை இல்லை, வளைவு இல்லை. உடம்பு நெடுக ஏழு விளிம்பு, விளிம்பு நெடுக முள். மாடிப்படி அறையின் சுவரை ஒட்டி மேற்குப் பார்க்க நின்றது. மங்கையர்க்கரசி முதன்முதலில் வைத்த செடி அதுதான்.

அதன் வேர் சிமெண்ட் தொட்டியைப் பிளந்துவிட்டது. கீழே வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், தரையில் நட வேண்டும்.

அந்த நாள் வரும் என்று உலகநாதனுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரியும். அது தன் கைக்குத்தான் வரும் என்றும் தெரியும். அதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பார்களா?

சந்தனமாரி கேட்டிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பெண், முப்பது வயது, மண் கலக்கக்கூட இன்னும் சரியாகத் தெரியாது.

*

செடி மட்டுமா? உலகநாதனுக்கு எரிச்சல் பல திசையிலிருந்தும் வந்தது.

அம்மா அவளை உரிமையோடு 'ஏட்டி' என்பார். இவரைப் பதினோரு வருஷமாக 'சார்'.

அவள் தண்ணீரை அதிகம் ஊற்றினால் அம்மா திட்டுவார். "ஏட்டி, அது என்ன எருமையா, கழனித்தண்ணி வைக்கே?" என்று மாடி அதிரக் கேட்பார். இவரை ஒரு நாளும் திட்டியதில்லை. தன்னைத் திட்டாததற்காக ஒரு மனிதன் வருத்தப்படுவானா என்றால், உலகநாதன் வருத்தப்பட்டார்.

ஒரு நாள் சந்தனமாரியின் உள்ளங்கையில் ஏறிய முள்ளை அம்மா மடியில் அவள் கையை வைத்து ஊக்கால் எடுத்துவிட்டார். அதே நாள் இவர் கட்டைவிரலிலும் ஒரு முள் இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே பிடுங்கினார். மூன்று நாள் வலித்தது. அந்த மூன்று நாளும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

*

மாசிக் கடைசியில் தூண்கள்ளியைக் கிளப்பினார்கள்.

கிளப்புவதற்கு முன் அம்மா சந்தனமாரியிடம் ஒரு சிறிய சுண்ணாம்பு டப்பாவைக் கொடுத்தார். மேற்கு வெயில் பட்ட பக்கத்தில், அடியில், ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். வெயில் பட்டுப் பட்டு அந்தப் பக்கம் தோல் தடித்திருக்கும். சுவரைப் பார்த்து நின்ற பக்கம் இளசு. மாற்றி நட்டால் இளசுப் பக்கம் வெந்துபோகும். வெந்த தோல் பழையபடி ஆகவே ஆகாது.

அவள் பொட்டு வைத்தாள். பார்த்துக்கொண்டுதான் நின்றார் உலகநாதன்.

சாக்கைச் சுற்றி, மூன்று பேருமாகச் சேர்ந்து செடியைக் கீழே இறக்கினார்கள். படிக்கடியில் இருந்த அறையில் நிழலில் கிடத்தினார்கள். அறுபட்ட வேர் ஆற வேண்டும். ஆறாமல் நட்டால் அழுகிவிடும்.

மறுநாள் அம்மா தூத்துக்குடிக்குக் கிளம்பினார். அண்ணன் மகளுக்குப் பிரசவம், வர ஒரு மாதம் ஆகும்.

"பத்து நாள் கிடக்கட்டும். பொட்டைப் பாத்து மேற்க வச்சு நட்டிரு, ஏட்டி. சார் பிடிச்சுக்கிடுவாங்க."

பிடித்துக்கொள்கிற வேலை. பதினோரு வருஷத்துக்கு அது கிடைத்தது.

*

ஏழாம் நாள் மத்தியானம், தொட்டிகளுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் உலகநாதன் வந்தார். வீட்டில் யாரும் இல்லை. சாவி அவரிடமும் ஒன்று உண்டு.

படிக்கடியில் செடி கிடந்தது. பொட்டு கிடந்தது. ஜன்னலில் சுண்ணாம்பு டப்பா இருந்தது.

கட்டைவிரலை எச்சில் தொட்டுப் பொட்டைத் துடைத்தார். செடியைச் சாக்கோடு புரட்டினார். நேர் எதிர்ப்பக்கம் அதே அளவில் இன்னொரு பொட்டு வைத்தார். ஒரு பாகை பிசகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எல்லைக் கல்லைத் தொடாத கை அது.

செய்யும்போது பயம் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

*

நடுகிற அன்று காலையில் சந்தனமாரி குளித்து, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். குழியை அவளே வெட்டியிருந்தாள். பாதி மணல், பாதிச் செம்மண், உடைத்த செங்கல் ஒரு கூடை.

உலகநாதன் சாக்கைப் பிடித்துக்கொண்டு செடியை நிமிர்த்தினார். முள் சாக்கைத் தாண்டிக் கையில் குத்தியது. அவள் குனிந்து அடியில் இருந்த பொட்டைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உலகநாதனின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் செடியின் உச்சியைப் பார்த்தார்.

"மேற்கதான சார் திருப்பணும்?"

"பொட்டு எங்க இருக்கோ, அதான்."

திருப்பினாள். மண்ணைத் தள்ளினாள். காலால் மிதித்து இறுக்கினாள். பிறகு ஒதுங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை உலகநாதனால் தாங்க முடியவில்லை. அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

*

பங்குனி வெயில் கோவில்பட்டியில் யாரையும் விட்டுவைப்பதில்லை.

பத்தாம் நாள் செடியின் மேற்குப் பக்கம் மஞ்சளித்தது. இருபதாம் நாள் வெளுத்தது. அம்மா ஊரிலிருந்து வந்தபோது அடியிலிருந்து நெஞ்சுயரம் வரை தோல் காய்ந்து, சுடுதண்ணீர் கொட்டின மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது.

சந்தனமாரி அம்மாவின் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என் கை ராசியில்லாத கைம்மா."

அதோடு போனவள்தான். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை.

*

உலகநாதன் ஆசைப்பட்டதெல்லாம் இப்போது கிடைத்துவிட்டது. மாடியில் வேறு யாரும் இல்லை. அம்மாவும் அவரும் கள்ளிகளும்தான்.

ஆனால் அம்மா மாடிக்கு வரவே இல்லை.

தன் பழைய சேலை ஒன்றை இரண்டு கம்பில் கட்டி அந்தச் செடிக்கு மேற்கே நிழல் கொடுத்தார். தையல் மிஷினைக்கூட வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தைப்பார், எழுந்து போய்ச் செடியைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடி வந்து தைப்பார். இரண்டு முறை தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் வந்தார். சந்தனமாரி வெளியே வரவில்லையாம்.

உலகநாதனுக்கு இப்போது வெந்த செடியின் மேலேயே பொறாமை வந்தது. இதைவிடக் கீழே இறங்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

எட்டாம் நாள் வாசலில் போய் நின்றார்.

"இனிமே இந்தச் செடியை நான் பாத்துக்கிடுறேன்மா. அவளுக்குத் தெரியாத வேலை. சின்னச் செடி எதாவது குடுத்திருக்கலாம்."

அம்மா மிஷினை நிறுத்தினார்.

"அவ என்னன்னு கேட்டா தெரியுமா சார்?"

"இந்தச் செடியைக் கேட்டா."

"இல்லை. 'இதை நான் நட்டாப் பிழைக்குமாம்மா'ன்னு கேட்டா."



அம்மா சொன்னார். ஆறு வருஷம் புருஷன் வீட்டில் இருந்திருக்கிறாள். ஆடு செத்தால் அவள் கை. தயிர் உறையாவிட்டால் அவள் கை. வயிற்றில் தங்கியது தங்காமல் போனதற்கும் அவள் கை. கடைசியில் மாமியார் ஊரைக் கூட்டி, இவள் தொட்டது விளங்காது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

"அதான் இருக்கிறதுலயே பெருசைக் குடுத்தேன். சின்னச் செடி பிழைச்சா அவ நம்ப மாட்டா."

வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலுக்குக் கட்டிய சேலை காற்றில் விலகியது. உலகநாதன் போய் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"பொட்டை மாத்தி வச்சது நான்தான்மா."

திட்டு வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வசவு கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

*

தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் வரிசை வீடுகள். நான்காவது வீட்டில் சந்தனமாரி தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

அவள் கையைப் பார்த்தார். பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

வரும் வழியெல்லாம் அவர் ஒரு நீளமான பேச்சைத் தயார் செய்திருந்தார். அதில் அவருடைய பதினோரு வருஷமும் வந்தது, மன்னிப்பும் வந்தது. இப்போது மூன்றே வார்த்தைதான் வந்தது.

"பொட்டை மாத்தினது நான்."

"தெரியும் சார்."

உலகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நட்ட அன்னிக்கே தெரியும். நான் பொட்டு வச்ச இடத்துக்கு மேல ஒரு முள்ளு ஒடிஞ்சிருந்துச்சு. குனிஞ்சு பாத்தா பொட்டுக்கு மேல ஒடிஞ்ச முள்ளே இல்லை."

"பிறகு ஏன் நட்ட?"

அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் தப்பா வச்சிருப்பேன், நீங்க சொல்லாமக் கொள்ளாமச் சரி பண்ணிருப்பீங்கன்னு நினைச்சேன் சார். நீங்க ஊருக்கே அளந்து குடுத்தவுக. உங்களுக்குத் தெரியாத மேற்கா?"

பக்கத்து வீட்டில் யாரோ பெட்டிகளைச் சாக்கில் கொட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"வெந்துபோன பிறகு அம்மாகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா உங்க பேரு கெட்டிரும். என் கைக்கு அந்தப் பேரு புதுசு இல்லை, நானே வச்சுக்கிட்டேன்."

உலகநாதன் செம்பை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்து சொல்கிறாரே என்று நினைத்திருப்பாள். நாற்காலிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"விடுங்க சார். படுக்கப் போட்டிருந்த செடிதானே. யாருக்கும் திசை தப்பும்."

கதவு திறந்திருந்தது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, ஆமாம்மா என்று தலையை ஆட்டிவிட்டு அவர் எழுந்து போயிருக்கலாம். அவளும் மறுநாளே மாடிக்கு வந்திருப்பாள்.

"எனக்குத் திசை தப்பலை, சந்தனமாரி" என்றார் உலகநாதன்.